மருமகன் காய்ச்சும் பீருக்கு எந்த அளவுகோல்?

தங்கை மகன் மெல்பர்னில் இருக்கிறான். ஊரில் இருந்தவரை காபி போடக்கூட அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காதவன், அங்கே போய் முப்பது லிட்டர் பானை வாங்கி, சனிக்கிழமையானால் பீர் காய்ச்சுகிறான். போன மாதம் கூப்பிட்டான்.

"மாமா, பாட்டில்ல சீட்டு ஒட்டணும். எத்தனை சதவீதம், எவ்வளவு கசப்புன்னு எழுதணும். கடையில நாலஞ்சு சாமான் காட்டுறாங்க. எதை வாங்கட்டும்?"

"முதல்ல எதுக்கு எழுதணும்னு சொல்லுலே."

"கூட வேலை பாக்குறவங்களுக்குக் கொடுக்கேன் மாமா. அவங்க கேக்காங்க."

நியாயமான காரணம்தான். குடிக்கிறவனுக்கு எவ்வளவு குடிக்கிறோம் என்று தெரிய வேண்டும்.

அவன் என்னைக் கேட்டதற்கும் காரணம் உண்டு. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் முப்பது வருஷம் குப்பி கழுவி, பையன்களுக்கு டைட்ரேஷன் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். அதற்கு முன்னால் உடன்குடிப் பக்கம் தேரிக்காட்டு ஓரத்தில், பதனீர் காய்ச்சுகிற வீட்டில் வளர்ந்தவன். இனிப்புத் தண்ணீரில் இனிப்பு எவ்வளவு என்கிற கேள்வி எனக்குப் பழசு. பீர் மட்டும் நான் காய்ச்சியதில்லை. இங்கே காய்ச்சவும் முடியாது. 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கிறது; வீட்டில் காய்ச்சினால் குற்றம். கள்ளுக்கே 1987-லிருந்து தடை. ஆஸ்திரேலியாவில் சொந்தக் குடிப்புக்குப் பீர் காய்ச்ச லைசென்ஸ் தேவையில்லை. ஆகவே இது அவனைப் போல வெளியூரில் பானை வைத்திருப்பவர்களுக்கு.

அவன் கேட்டது இரண்டு கேள்வி. இரண்டும் ஒரே மாதிரி தெரிந்தாலும் வேறு வேறு சாதி. போதையின் அளவை வீட்டிலேயே அளந்துவிடலாம். கசப்பை வீட்டில் அளக்க முடியாது, கணக்குப் போடத்தான் முடியும். காசை எதில் போடுவது என்ற முடிவு இங்கேயே பாதி வந்துவிடுகிறது.

பால் சொசைட்டியில் டிகிரி பார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு ஹைட்ரோமீட்டரை விளக்க வேண்டாம். அதே கண்ணாடி மிதவைதான். லாக்டோமீட்டர் 30 காட்டினால் பாலின் அடர்த்தி 1.030 என்று பொருள். தண்ணீர் கலந்தால் மிதவை இறங்கும். பீரிலும் அப்படித்தான். முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புத் தண்ணீருக்கு வோர்ட் என்று பெயர். சாதாரண வோர்ட் 1.050 வாக்கில் நிற்கும். ஈஸ்ட் போட்டு இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் 1.010 வாக்கில் இறங்கியிருக்கும். சர்க்கரை ஏறக்குறைய பாதி ஆல்கஹாலாகவும் பாதி கரியமில வாயுவாகவும் பிரிகிறது. வாயு வெளியே போய்விடுகிறது, ஆல்கஹாலோ தண்ணீரைவிட லேசு. ஆக எவ்வளவு இறங்கியதோ அதுதான் போதையின் கணக்கு. முதல் அளவிலிருந்து கடைசி அளவைக் கழித்து 131.25 ஆல் பெருக்க வேண்டும். 0.040 × 131.25 = 5.25 சதவீதம். இங்கிலாந்தில் ஜான் ரிச்சர்ட்சன் என்பவர் 1784-இல் இந்த மிதவையைப் பற்றிப் பீர் காய்ச்சுகிறவர்களுக்காக எழுதி வைத்தார். அதற்கு முன்னால் பெரும்பாலும் நாக்கும் அனுபவமும்தான். எங்கள் வீட்டில் கருப்பட்டிப் பதம் பார்க்க ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

சரி, இதில் என்ன குறை? ஒவ்வொரு தடவையும் ஒரு டம்ளர் பீர் போய்விடும். நுரையோடு ஊற்றினால் குமிழி மிதவையைப் பிடித்துத் தூக்கி அளவைக் கூட்டிக் காட்டும். இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றி, வாயுவை விரட்டிவிட்டுப் பார்க்க வேண்டும். நம் ஊர் டீக்கடைக்காரருக்கு இது தானாக வரும். கை தவறினால் உடையும். நானே ஆய்வகத்தில் எத்தனை உடைத்திருக்கிறேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

பெரிய குறை சூடு. மிதவைகளுக்கு ஏதோ ஒரு வெப்பநிலையில் அளவு போட்டிருப்பார்கள்: பெரும்பாலும் 20 டிகிரி, சிலவற்றில் 15.6. உள்ளே இருக்கிற காகிதச் சுருளிலேயே எழுதியிருக்கும், யாரும் வாசிப்பதில்லை. தண்ணீர் சூடேறினால் லேசாகும், மிதவை கீழே போகும். 20 டிகிரி மிதவையை 30 டிகிரி வோர்ட்டில் விட்டால் சுமார் 0.0025 குறைத்துக் காட்டும். 40 டிகிரியில் 0.006. இவ்வளவுதானா என்று தோன்றும். காய்ச்சி இறக்கிய அவசரத்தில் 40 டிகிரியில் முதல் அளவை எடுத்துவிட்டு, கடைசி அளவை ஆற அமர 20 டிகிரியில் எடுக்கிறவன் 0.006ஐ 131.25 ஆல் பெருக்கிப் பார்க்கட்டும். கிட்டத்தட்ட 0.8 சதவீதம் கணக்கிலேயே வராமல் போய்விடும். இரண்டு அளவையும் ஒரே சூட்டில் எடுத்தால் பிழையும் இரண்டு பக்கமும் ஒன்றாகி, கழிக்கும்போது போய்விடும். இதை அவனிடம் மூன்று முறை சொன்னேன். "சரி மாமா" என்று மூன்று முறையும் சொன்னான்.

அவன் கண் முதலில் போனது ரிஃப்ராக்டோமீட்டர் மேல்தான். பார்க்கத் தொலைநோக்கி மாதிரி இருக்கும். கண்ணாடிச் சில்லில் இரண்டு சொட்டு விட்டு, மூடி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே கோடு தெரியும். சர்க்கரை ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதை வைத்து, நூறு கிராமில் எத்தனை கிராம் சர்க்கரை என்று சொல்லும். அதற்குப் பிரிக்ஸ் என்று பெயர். பங்குனியில் பனையிலிருந்து இறக்கிய பதனீரில் நான் வைத்துப் பார்த்திருக்கிறேன், 12 வாக்கில் காட்டியது. 1.050 வோர்ட்டுக்கும் ஏறக்குறைய அதே எண்தான், 12.4. பனையும் பார்லியும் இனிப்பில் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

காய்ச்சும் நாளுக்கு இதைவிட நல்ல சாமான் கிடையாது. கொதிக்கிற பானையிலிருந்து இரண்டு சொட்டு, சில்லில் பட்டதும் ஆறிவிடும், அரை நிமிஷத்தில் முடிவு. தண்ணீர் அதிகமா, இன்னும் வற்ற வேண்டுமா என்று அடுப்படியிலேயே தெரிந்துவிடும். மால்ட் இனிப்பு வெறும் கரும்புச் சர்க்கரை அல்ல என்பதால் காட்டுகிற எண்ணை 1.04 ஆல் வகுத்துக்கொள்ளச் சொல்வார்கள், அது சின்ன வேலை.

ஆனால் ஈஸ்ட் போட்ட பிறகு இது பொய் சொல்லும். ஆல்கஹாலும் ஒளியை வளைக்கும். கருவிக்குச் சர்க்கரை எது, ஆல்கஹால் எது என்று தெரியாது. இரண்டையும் சேர்த்துச் சர்க்கரைக் கணக்கில் எழுதிவிடும். மருமகன் முதல் பானையில் நண்பனிடம் இரவல் வாங்கிய ரிஃப்ராக்டோமீட்டரை வைத்து இப்படித்தான் ஏமாந்தான். முதலில் 12.4, கடைசியில் 6. ஆறு பிரிக்ஸை நேரே அடர்த்தியாக மாற்றினால் 1.024 வரும், பீர் மூன்றரை சதவீதம்தான் என்று ஆகும். அவனும் அப்படித்தான் எழுதி ஒட்டினான். ஆல்கஹாலுக்குத் திருத்தம் போட்டால் உண்மையான கடைசி அளவு 1.011-க்குப் பக்கம், பீர் ஐந்துக்கு மேல். மெல்லிசு பீர் என்று நம்பிக் குடித்த நண்பர்கள் சோபாவிலேயே தூங்கிப்போனதாகச் சொன்னான்.

திருத்தச் சூத்திரங்கள் இருக்கின்றன. முதல் அளவையும் கடைசி அளவையும் கொடுத்தால் கணினி போட்டுத் தரும், ஓரளவு நம்பலாம். ஆனாலும் அது ஊகத்தின் மேல் கட்டிய ஊகம். கலயத்தில் சுண்ணாம்பு சரியாகப் பற்றாமல் புளிக்க ஆரம்பித்த பதனீரை இதில் வைத்தால், நடந்த மாற்றத்தைக் குறைத்துத்தான் காட்டும். மிதவையை விட்டால் மடமடவென்று இறங்கியிருப்பது தெரியும். மூக்குக்கு இரண்டும் தேவையில்லை என்பாள் அம்மா.

மூன்றாவதாக அவன் காட்டியது, பீருக்குள்ளேயே மிதந்துகொண்டு போனுக்குச் செய்தி அனுப்புகிற கருவி. டில்ட் என்று ஒன்று, அதே மாதிரி வேறு சிலதும் உண்டு. சாய்வை வைத்து அடர்த்தியைச் சொல்லும். ராத்திரி படுத்துக்கொண்டே இப்போது 1.032 என்று பார்க்கலாம். ஆசையாகத்தான் இருக்கிறது. விலை மற்ற இரண்டையும்விடப் பல மடங்கு. 0.002 வரை முன்னே பின்னே காட்டும், நுரையும் ஈஸ்ட்டும் மேலே அப்பிக்கொண்டால் இன்னும் தடுமாறும். புளிப்பு எந்த வேகத்தில் நடக்கிறது என்று பார்க்க நல்லது. சீட்டில் எழுதுகிற எண்ணுக்கு நான் இதை நம்ப மாட்டேன். "இது பொம்மைலே" என்றேன். அவனுக்கு வருத்தம்.

நான்காவது வழியை அவன் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். முதல் அளவை எடுக்க மறந்துவிட்டால் என்ன செய்வது? ஆல்கஹாலை விரட்டிப் பார்க்கலாம். வாயு போக்கிய பீரில் 200 மில்லியைத் துல்லியமாக அளந்து அடர்த்தியைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்து அதைப் பாதியாக வற்றும்வரை கொதிக்கவிட்டு, ஆறவைத்து, காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றி மறுபடியும் சரியாக 200 மில்லி ஆக்கி, அதே சூட்டில் அளக்க வேண்டும். ஆல்கஹால் போன இடத்தில் தண்ணீர் வந்ததால் இப்போது அடர்த்தி கூடியிருக்கும். 0.007 கூடியிருந்தால் பீர் சுமார் 5 சதவீதம். வேதியியல்காரனுக்கு மனதுக்குப் பிடித்த வழி இது. ஆனால் பாருங்கள், மொத்த வித்தியாசமே 0.007, கண் 0.001 தவறினால் 0.7 சதவீதம் தவறிவிடும். வீட்டு மிதவையில் 0.001 தவறுவது சகஜம். ஆகவே இது மறதிக்கு மருந்து, தினசரிச் சாப்பாடு அல்ல.

என் தீர்ப்பு இதுதான். ஒன்றே ஒன்று வாங்கக் காசு இருந்தால் ஹைட்ரோமீட்டர். விலையும் அதுதான் குறைவு. முழுத் தானியத்திலிருந்து காய்ச்சுகிறவன் என்றால் பிறகு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி, ஈஸ்ட் போடும் வரைக்கும் மட்டும் அதைத் தொடலாம். டின்னில் வருகிற சிரப்பைக் கரைத்துக் காய்ச்சுகிறவனுக்கு அதுவும் வேண்டாம். ஆனால் சிரப் அடியில் தங்கி மேலே வெறும் தண்ணீராக நிற்கும், நன்றாகக் கலக்காமல் அளந்தால் எந்தக் கருவியும் தப்பாகத்தான் சொல்லும். ஹைட்ரோமீட்டருக்கு இன்னொரு உபயோகமும் உண்டு: இரண்டு மூன்று நாள் இடைவெளியில் பார்த்து எண் மாறாமல் நின்றால்தான் பாட்டிலில் அடைக்க வேண்டும். இறங்கிக்கொண்டே இருக்கும்போது அடைத்தால் பாட்டில் வெடிக்கும்.

கனமான பீருக்கு 131.25 கொஞ்சம் குறைத்துச் சொல்லும். 1.090-இல் தொடங்கி 1.018-இல் நிற்பதற்கு அது 9.45 என்கும், அடர்த்தி மாற்றத்தை இன்னும் நுணுக்கமாகப் பார்க்கிற நீளமான சூத்திரம் 10.2 வாக்கில் கொடுக்கும். ஐந்து சதவீதப் பீரில் இரண்டுக்கும் 0.1 கூட வித்தியாசம் வராது. நுரைக்காகப் பாட்டிலில் போடுகிற சர்க்கரையையும் மறக்கக் கூடாது. இருபது லிட்டருக்கு 120 கிராம் போட்டால் சுமார் 0.4 சதவீதம் கூடும். ஆக 5.25 என்று புள்ளி வைத்து எழுதுவது வீண் பெருமை. "ஐந்தரை வாக்கில்" என்று எழுதச் சொன்னேன்.

இனி கசப்பு. ஹாப்ஸ் என்கிற கொடியின் பூவைக் கொதிக்கவைத்துக் கசப்பு ஏற்றுகிறார்கள். நிலவேம்புக் கஷாயம் மாதிரி என்று நினைத்தால் ஓரளவுதான் சரி. நிலவேம்பில் கசப்பு ஏற்கெனவே இருக்கிறது, கொதி அதை இறக்கி எடுக்கிறது. ஹாப்ஸில் இருக்கிற ஆல்ஃபா அமிலம் வோர்ட்டில் சரியாகக் கரையாது. கொதிக்கக் கொதிக்க அது ஐசோ ஆல்ஃபா அமிலமாக உருமாறி, கரைந்து, கசக்கிறது. அதனால்தான் எத்தனை நிமிஷம் கொதித்தது என்பதே கணக்கின் முதுகெலும்பு. ஒரு லிட்டரில் சுமார் ஒரு மில்லிகிராம் ஐசோ ஆல்ஃபா அமிலம் இருந்தால் ஒரு ஐபியு; கசப்புக்கு அதுதான் அலகு. ஜெர்மன் கோதுமைப் பீர் 8 முதல் 15 வரை, செக் நாட்டு நல்ல லாகர் 30 முதல் 45 வரை, ஐபிஏ என்கிற அமெரிக்கக் கசப்புப் பீர் 40 முதல் 70 வரை.

இதை உண்மையாக அளக்க ஆய்வகம் வேண்டும். பீரில் அமிலம் சேர்த்து, ஐசோஆக்டேனில் குலுக்கிப் பிரித்து, புற ஊதா ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் 275 நானோமீட்டரில் ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்த்து 50 ஆல் பெருக்கினால் ஐபியு. வாசிக்கும்போதே எனக்குக் கை பரபரத்தது. ஓய்வு பெற்றவனைக் கருவிப் பக்கம் யார் விடுவார்கள்? வீட்டுப் பானைக்கு அனுப்பிச் சோதிக்கிற செலவும் கட்டுப்படியாகாது.

மிச்சம் இருப்பது சூத்திரம். பலர் கையாள்வது இரண்டு: டின்செத், ரேகர். இருபது லிட்டர், 1.050 வோர்ட், 6 சதவீத ஆல்ஃபா உள்ள ஹாப்ஸ் 30 கிராம். மொத்த ஆல்ஃபா அமிலம் லிட்டருக்கு 90 மில்லிகிராம். 60 நிமிஷம் கொதித்தால் அதில் 23 சதவீதம் கசப்பாகும் என்கிறது டின்செத், 21 ஐபியு. ரேகர் 31 சதவீதம் என்கிறது, 28 ஐபியு. ஒரே பானை, ஒரே பூ, மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம். அதே 30 கிராமைக் கடைசிப் பத்து நிமிஷத்தில் போட்டால் கதை தலைகீழ்: டின்செத் ஏழரை, ரேகர் ஆறு. ஆக ரேகர் எப்போதும் கூடுதலாகச் சொல்லும் என்று நினைத்து ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளவும் முடியாது.

எதை எடுப்பது? டின்செத். இனிப்புக் கூடினால் கசப்பு இறங்குவது குறையும் என்பதை அது எல்லா அடர்த்தியிலும் கணக்கில் எடுக்கிறது, ரேகர் 1.050-ஐத் தாண்டினால்தான் அதைப் பற்றி யோசிக்கவே தொடங்கும். ஆனால் அதைவிட முக்கியம், எடுத்ததை மாற்றாமல் இருப்பது. போன பானை 21, இந்தப் பானை 30 என்றால் அது கூடியிருக்கிறது என்று தெரியும். ஒன்றை டின்செத்திலும் இன்னொன்றை ரேகரிலும் போட்டுவிட்டு ஒப்பிட்டால், ஒரு மரக்காலில் அளந்த நெல்லை இன்னொரு படியில் அளந்ததோடு ஒப்பிட்ட கதைதான். யாரோ எழுதிய செய்முறையை எடுத்தாலும் அவர் எந்தச் சூத்திரத்தில் எழுதினார் என்று முதலில் பார்க்க வேண்டும்.

சூத்திரத்தைவிட இவனுக்குக் கஷ்டம் கொடுத்தது பாக்கெட். செய்முறையில் 6 சதவீத ஹாப்ஸ் 30 கிராம் என்று இருந்தது. அது கிடைக்காமல் ஆஸ்திரேலிய கேலக்சி ஹாப்ஸ் வாங்கி, அதே 30 கிராமைப் போட்டுவிட்டான். அந்தப் பாக்கெட்டில் ஆல்ஃபா 14 சதவீதம். 21 வர வேண்டிய இடத்தில் 48. "மாமா, சின்ன வயசுல அம்மாச்சி காய்ச்சல்னா வாயில ஊத்துவாங்களே, அந்தக் கஷாயம் மாதிரி இருக்கு." பூவின் எடையைப் பார்க்காதே, ஆல்ஃபாவைப் பார் என்றேன். பாக்கெட்டில் போட்டிருக்கும் எண்ணும் அறுவடைக் காலத்து எண். சூட்டில், காற்றுப்பட வைத்தால் குறைந்துகொண்டே போகும். கட்டி மூடி ஃப்ரீசரில் வைக்க வேண்டும்.

அப்புறம் நாக்கு. 5 ஐபியுக்குக் குறைந்த வித்தியாசம் பெரும்பாலானவர்கள் நாக்குக்குத் தெரியாது என்பார்கள். ஆகவே 21-ஆ 23-ஆ என்று மண்டையை உடைப்பது வீண். பாவக்காய்ப் புளிக்குழம்பில் ஒரு துண்டு கருப்பட்டி போட்டால் காயின் கசப்பு எங்கேயும் போவதில்லை, ஆனால் வாய் ஏற்றுக்கொள்கிறது. பீரிலும் அதேதான். 30 ஐபியு, 1.040 பீரில் கடுக்கும், 1.070 பீரில் அடங்கிவிடும். அதனால் ஐபியுவை ஈஸ்ட் போடுமுன் எடுத்த அடர்த்தியின் கடைசி இரண்டு இலக்கத்தால் வகுத்துப் பார்க்கிறார்கள். 21-ஐ 50 ஆல் வகுத்தால் 0.42, கொஞ்சம் இனிப்பு பக்கம். 48-ஐ வகுத்தால் 0.96, கஷாயம். இந்த ஒரு எண்ணை மட்டும் சீட்டில் போட்டாலே போதும் என்று நினைக்கிறேன். அதோடு, ஐபியு அச்சிட்ட கடைப் பாட்டில் ஒன்றைப் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றி ருசி பார்ப்பது எந்தச் சூத்திரத்துக்கும் குறைந்ததல்ல.

ஹைட்ரோமீட்டர் வாங்கிவிட்டான். முதல் வேலையாக வெறும் தண்ணீரில் விட்டுப் பார்க்கச் சொன்னேன். 20 டிகிரித் தண்ணீரில் 1.002 காட்டுகிறதாம். அப்படியானால் எப்போதும் இரண்டு புள்ளி கழித்துக்கொள் என்றேன். "நம்ம தாமிரபரணித் தண்ணி எவ்வளவு காட்டும் மாமா?" என்று கேட்டான். என்னிடம் இருந்த பழைய மிதவையைத் தேடி எடுத்து, குழாயில் பிடித்து, ஜாடியில் ஊற்றி விட்டேன். 0.996. ஆற்றில் குறை ஒன்றுமில்லை. மத்தியானம் இரண்டு மணி, வீட்டுக்குள்ளேயே 33 டிகிரி.